கராஜ் கதவைத் திறக்காதேங்கோ

உங்களில் இரண்டு பேர் போன கிழமை என்னுடைய கராஜ் பூட்டின் திறப்பைக் கேட்டீர்கள். ஒருவர் தன்னுடைய வான் வண்டியின் சீற்றுக்கு உறை மாற்ற வேண்டுமாம். மற்றவர் எதற்கென்று சொல்லவேயில்லை. திறப்பைத் தருவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தருவதற்கு முன் ஒரு கதை கேட்க வேண்டும். உங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை அரை மணித்தியாலம். நீங்கள் சாப்பிடுங்கள், நான் கதைக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதே இடத்தில், விமான இருக்கைகளுக்கு உறை தைக்கிற இதே மேசைகளில், இருபத்தாறு வருடம் இருந்தவள் நான். கடைசிப் பதினொரு வருடம் புதிதாக வருகிறவர்களைப் பழக்கியவள். உங்களை இப்போது பழக்குகிற ரெஜினா அப்போது எனக்குப் பக்கத்து மெஷின். மன்னார்க்காரி. என்னைவிட எட்டு வயது இளையவள், என்னைவிட நன்றாகத் தைப்பாள். இதை நான் வேலையில் இருந்தபோது ஒருநாளும் சொன்னதில்லை. பென்சன் வரத் தொடங்கிய பிறகு உண்மை சொல்வது சுலபமாக இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் மாதிரி நடக்கப் போகவோ, பேரப்பிள்ளைகளின் சப்பாத்துக் கயிறு கட்டிவிடவோ எனக்கு மனம் வரவில்லை. மொன்றியலுக்குப் பக்கத்து டோர்வலில் எங்கள் வீட்டோடு ஒட்டினாற்போல ஒரு கராஜ். அதில் நின்ற காரை வெளியே தள்ளிவிட்டு, தடித்த துணி தைக்கிற பெரிய மெஷின் ஒன்று, வெட்டுகிற மேசை, காற்றில் அடிக்கிற ஸ்ரேப்ளர், சுவர் முழுக்க ஆணி அடித்துத் தொங்கவிட்ட வேலை ஆயுதங்கள் என்று ஒரு பட்டறை போட்டேன். அன்றிலிருந்து என் மனுசன் ஒவ்வொரு விண்டரும் காருக்கு மேலிருக்கிற பனியைச் சுரண்டிக்கொண்டே என்னைப் பார்க்கிற ஒரு பார்வை இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு முறை அவரே வந்து உங்களுக்குச் சொல்லட்டும்.

பட்டறை போட்ட செய்தி பரவ இரண்டு கிழமை எடுத்தது. பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் தன் படகுக்கு மூடுதுணி தைக்க வந்தார். படகை நான் இன்றுவரை கண்டதில்லை. நடன ரீச்சர் ஒருத்தி, பிள்ளைகளுக்குச் சரிகைப் பட்டி தைக்க வந்து, மெஷினில் நூல் இழுவையை மாற்றிவிட்டுப் போய்விட்டாள். அதைச் சரிக்கட்ட எனக்கு ஒரு பின்னேரம் போனது. எல்லோரும் போகும்போது ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "அக்கா, உங்களுக்குப் பெரிய மனசு."

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு மனசு பெரிது இல்லை, காதுதான் பெரிது. அந்த வசனத்தைக் கேட்பதற்காகவே திறப்பைக் கொடுத்தேன். நீங்களும் ஒருநாள் உங்கள் நிலக்கீழ் அறையில் ஒரு மெஷினைப் போட்டு நாலு பேருக்குத் திறந்து விடுவீர்கள். அப்போது எதற்காகத் திறக்கிறீர்கள் என்று உங்களை நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் நாறும். ஆனாலும் கேளுங்கள்.

ஒருநாள் யாரோ என் துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் காட்போட் பெட்டி வெட்டியிருந்தார்கள். நான் வீட்டில் இரண்டு நாள் சமைக்கவில்லை, அவ்வளவு கோபம். மூன்றாம் நாள் ஒரு பெரிய தாளில் விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கத்தரிக்கோலால் கடதாசி வெட்டக் கூடாது. நூல் இழுவையைத் தொடக் கூடாது. எடுத்ததை எடுத்த ஆணியில் கொழுவ வேண்டும். இப்படி ஒன்பது விதி. ஒன்பதும் சாமானைப் பற்றியது. ஆளைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பதினொரு வருடம் இங்கே பாதுகாப்புப் பாடம் எடுத்தவளுக்குத் தோன்றவில்லை என்றால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரிதான்.

இப்போது கம்மைப் பற்றி ஒரு சொல். இங்கே ஃபோம் ஒட்டுகிற கம் அறை ஏன் தனியாக இருக்கிறது, ஏன் காற்றை இழுக்கிற பெரிய விசிறி ஓடுகிறது, ஏன் போனைக்கூட வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று ரெஜினா உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அந்தக் கம்மிலிருந்து வருகிற ஆவி பெற்றோலுக்குத் தம்பி. காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தண்ணீர் மாதிரிப் பரவும். ஒரு சின்னப் பொறி போதும்.

எனக்கு இதைப் பழக்கியவள் ஒரு போர்த்துக்கீசக் கிழவி. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னும் பயமாக இருக்கிறது. முதல் கிழமை நான் கம் அறைக்குள் நின்று "மணம் ஒன்றும் பெரிதாக இல்லையே" என்றேன். அவள் என் மூக்கைப் பிடித்து, சத்தியமாகப் பிடித்து, வெளியே இழுத்துக்கொண்டு போய் மூன்று நிமிடம் நிற்க வைத்துவிட்டு, திரும்ப உள்ளே தள்ளினாள். மணம் முகத்தில் அறைந்தது. "மூக்கு ஐந்து நிமிடத்தில் லஞ்சம் வாங்கிவிடும்," என்றாள். "உள்ளே நிற்கிறவளின் மூக்கை ஒருநாளும் நம்பாதே. வெளியிலிருந்து வருகிறவளைக் கேள்."

இனி ரெஜினாவின் கதைக்கு வருகிறேன். அவள் போகிற தேவாலயத்தில் சனம் முழந்தாளிட்டு வேண்டுகிற முழந்தாள் பலகைகள் எல்லாம் உறை கிழிந்து, ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தனவாம். பங்குச் சுவாமியார் இவளிடம் கேட்டிருக்கிறார். இவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, நாப்பது பலகை. சனிக்கிழமையளிலை வந்து செய்யிறன். சவிரி அண்ணையும் உதவிக்கு வாறார்."

"நான் சைவக்காரி. என்ர கராஜிலை நாப்பது முழந்தாள் பலகையோ?"

"பலகைக்குச் சமயம் இல்லை அக்கா. மேலை இருக்கிற ஆளுக்குத்தான்."

திறப்பைக் கொடுத்தேன். "உங்களுக்குப் பெரிய மனசு" என்றாள். அது இந்தமுறை எனக்கு இரண்டு சமயத்திலும் புண்ணியம் மாதிரி இருந்தது.

சவிரிமுத்து அண்ணைக்கு எழுபத்தைந்து வயது. தச்சு வேலை தெரிந்தவர். காது கேளாது. காதில் வைக்கிற கருவி ஒன்று இருக்கிறது. பற்றறி வீணாகும் என்று அதைச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார்.

அது ஜனவரி. அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணி, வெளியே இருபத்துநாலு பாகை மைனஸ். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். கழுவிய உடுப்பை எடுக்க, கராஜுக்குப் போகிற சின்னக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற உடுப்புக் கழுவுகிற இடத்துக்குப் போனேன். போனவள் நின்றுவிட்டேன். கம் மணம். கதவு பூட்டியிருக்கிறது, அதன் கீழ் இடுக்கால் வருகிற மணமே கண்ணைக் கரித்தது.

கதவைக் கொஞ்சம் திறந்தேன். உள்ளே நாற்பது பலகையும் நிலத்தில் வரிசையாக. எல்லாவற்றுக்கும் கம் அடித்தாயிற்று. சிலிண்டரிலிருந்து தெளித்து அடிக்கிற கம். ஒன்றொன்றாக அடித்து ஒட்டுவதற்குப் பதிலாக, நேரம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக அடித்து, காய விட்டிருந்தார்கள். பெரிய கதவு இறுகப் பூட்டு. ரெஜினா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, எனக்கு ஒருமாதிரித் தலையைச் சுத்துது. கதவைத் திறந்துவிடுவம்."

நடுவில், நிலத்தில், என் ஹீற்றர் இருந்தது.

கம்பிச் சுருள் சிவக்கிற ஹீற்றர். அந்த நேரம் அது சிவக்கவில்லை. கராஜ் சூடாக இருந்ததால் தானாக நின்றிருந்தது. இதை நான் பார்த்தது அரை விநாடி. அந்த அரை விநாடியில் எனக்குள் ஓடியதை உங்களுக்கு மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் இந்தக் கதை.

ஆவி நிறைந்த அறையில் எவருக்கும் முதலில் தோன்றுவது கதவைத் திறப்பது. ஆனால் வெளியே மைனஸ் இருபத்துநாலு. பெரிய கதவு திறந்தால் குளிர் நிலத்தோடு உள்ளே வரும். ஹீற்றர் குளிரை உணர்ந்து தானே ஓடத் தொடங்கும். சுருள் சிவக்கும். பிறகு நீங்கள் என்னுடைய படத்துக்குப் பூமாலை போட்டிருப்பீர்கள், மாலை போட வீடு மிஞ்சியிருந்தால். ஹீற்றரின் வயரை இழுத்தாலும் பொறி. ஸ்விச்சை அமத்தினாலும் பொறி. கராஜ் கதவைத் தூக்குகிற மோட்டாரும் பொறிதான்.

"கதவைத் திறக்காதேங்கோ!" என்று கத்தினேன். "ஒண்டையும் தொடாதேங்கோ! ரெஜினா, இஞ்சாலை வாரும், கெதியா!"

ரெஜினா ஏன் என்று கேட்கவில்லை. என் குரலில் எதையோ கண்டுகொண்டு, பலகைகளைத் தாண்டி வரத் தொடங்கினாள். ஆனால் சவிரி அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் தலை சுற்றியிருக்க வேண்டும். மெதுவாக, சுவரில் இருக்கிற கதவு மோட்டாரின் பொத்தானை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணை! சவிரி அண்ணை!"

காது சட்டைப் பைக்குள் இருக்கிற மனுசனுக்கு என்ன கேட்கும்?

அவருக்கும் பொத்தானுக்கும் இடையில் பத்து அடி. எனக்கும் அவருக்கும் இடையில் இருபத்தைந்து அடி, நடுவில் நாற்பது பலகை. ஓடினால் பிடிக்கலாம், பிடிக்காமலும் விடலாம். எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கதைக்கும். மற்றப் பக்கம், எனக்குப் பின்னால், நிலக்கீழ் அறைக்குப் போகிற படி. பத்துப் படி. கீழே முதல் சுவரில் கரண்ட் பெட்டி.

நான் அவரை விட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

இதை நான் சொல்லும்போது சிலர் முகம் சுழிப்பார்கள். ஒரு கிழவனை அப்படியே விட்டுவிட்டு ஓடினாயா என்பார்கள். ஓம், ஓடினேன். ஆளைப் பிடித்தால் ஒரு பிழையைத்தான் தடுக்கலாம். அதே நேரம் ரெஜினா விழுந்து எதிலாவது கையை ஊன்றினால்? ஹீற்றர் தன்பாட்டில் ஓடத் தொடங்கினால்? கரண்டை நிப்பாட்டினால், அதன் பிறகு யார் எந்தப் பொத்தானை அமத்தினாலும் ஒன்றும் நடக்காது. அவசரத்தில் பிழை விடப் போகிற ஆளைத் துரத்தாதேங்கோ. அவர் பிழை விட்டாலும் உயிர் பிழைக்கிற மாதிரி முதலில் செய்யுங்கோ.

பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு பிரேக்கருக்கும் பக்கத்தில், வீட்டில் முன்பு இருந்தவர் பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறார். கோழி கிளறிய மாதிரி எழுத்து. பதினேழு வருடமாக அதைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கராஜ் எது என்று தேட நேரமில்லை. மேலே இருந்த பெரிய மெயினைப் பிடித்து இழுத்தேன். வீடு முழுக்க நின்றது. மேலே குளியலறையிலிருந்து என் மனுசனின் சத்தம் வந்தது.

"இஞ்சரும்! என்ன நடந்தது? நான் சவுக்காரத்தோடை நிக்கிறன்!"

"அப்பிடியே நில்லுங்கோ!" என்றேன்.

மேலே ஏறி வந்தபோது ரெஜினா உடுப்புக் கழுவுகிற இடத்தில் நிலத்தில் குந்தியிருந்தாள். அவளை வாசல் பக்கம் தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கராஜுக்குள் போனேன். கதவின் சின்னக் கண்ணாடிகளால் வந்த வெளிச்சத்தில் சவிரி அண்ணை பொத்தானடியில் நின்றார். விரல் பொத்தானில் இருந்தது. திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி," என்றார், "உம்மட கதவு பழுது. ரெண்டு மூண்டு தரம் அமத்திப் பாத்திட்டன்."

முதல் தரம் அமத்தியது நான் மெயினை இழுத்து எத்தனை விநாடிக்குப் பிறகு என்று நான் அவரைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டு என்ன செய்யப் போகிறேன்?

மோட்டாரைக் கழற்றிவிடுகிற சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும், தெரியுமோ? அதை இழுத்து, அவரும் நானுமாகக் கையால் கதவைத் தூக்கினோம். குளிர் உள்ளே வந்தது. ஹீற்றர் பேசாமல் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பனிக்குள் போய் நின்றோம். கோட் இல்லை, சப்பாத்தும் எனக்கு இல்லை, வீட்டுச் செருப்பு. என் கையில் அப்போதும் வெங்காயம் வெட்டிய கத்தி இருந்தது. அதை எப்போது எடுத்தேன், படியில் எப்படிக் கொண்டு ஓடினேன் என்று தெரியாது. எதிர்வீட்டு மனுசி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

ரெஜினா முன்வாசலால் சுற்றி வந்தாள். மனுசன் தலையில் நுரையோடும் மேலில் விண்டர் கோட்டோடும் வந்தார்.

"ஆர் செய்த வேலை இது?" என்றார்.

"நான்தான் அண்ணை," என்றாள் ரெஜினா. பல்லு அடித்துக்கொண்டிருந்தது. "ஹீற்றர் போட்டதும் நான், கம் அடிச்சதும் நான். யோசிக்கேல்லை."

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடினேன்.

ஏன் மூடினேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின விண்டர் என் சொந்த சோஃபாவுக்கு ஃபோம் மாற்றியபோது ரெஜினா உதவிக்கு வந்தவள். நான் அதே கராஜில், அதே ஹீற்றர் சிவக்கச் சிவக்க எரிய, கம் அடித்தேன். "அக்கா, ஹீற்றர்?" என்று அவள் கேட்டவள். "கொஞ்சம்தானே அடிக்கிறன், கால் விறைக்குது," என்றேன் நான். ஒருமுறை இல்லை, அந்த விண்டர் முழுக்க அப்படித்தான். இங்கே ஒரு போனை உள்ளே கொண்டுபோனதற்காக ஒருத்தியை அழ வைத்த அதே நான். ரெஜினாவுக்கு விதி தெரியாமல் இல்லை. விதியைப் பழக்கியவளே அதை மிதிப்பதைக் கண்டுவிட்டாள், அவ்வளவுதான். சுவரில் ஒன்பது விதி ஒட்டி வைத்திருந்தேன். அவள் பார்த்தது என் கையை.

கதை அவளுடைய தேவாலயப் பங்கு முழுக்கப் பரவியது. ரெஜினா ஒரு சைவக்கார அக்காவின் வீட்டைக் கொளுத்தப் பார்த்தாளாம். எனக்குப் போன் மேல் போன். "அக்கா, உங்களுக்குப் பெரிய மனசு, பொலிசுக்குப் போகாமல் விட்டியள்." நான் "சரி, விடுங்கோ, நடந்தது நடந்திட்டுது" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. ரெஜினாவிடம் திறப்பைத் திருப்பி வாங்கினேன். அவள் தந்துவிட்டுப் போனாள். பலகைகள் அரைகுறையாக என் கராஜில் கிடந்தன. தவக்காலம் தொடங்கியது. சனம் வெறும் மரத்தில் முழந்தாளிட்டது. சுவாமியார் அதையும் ஒரு ஒறுத்தல் முயற்சி என்று பிரசங்கத்தில் சொல்லிச் சமாளித்தாராம்.

நான் என்ன பொய்யா சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லையே! ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இந்த நியாயம் நன்றாக வேலை செய்தது.

ஆறாம் கிழமை இங்கே வேலை செய்கிற ஒருத்தி போன் பண்ணினாள். என் இடத்துக்குப் பழக்குநராக ரெஜினாவைப் போட இருந்தார்களாம். கராஜ் கதை இங்கேயும் வந்துவிட்டது. ஹீற்றருக்குப் பக்கத்தில் கம் அடிக்கிறவளை எப்படிப் பிள்ளைகளைப் பழக்க விடுவது என்று சுப்பர்வைசர் யோசிக்கிறாவாம். வெள்ளிக்கிழமை முடிவாம்.

போனை வைத்துவிட்டுக் குசினியில் இருந்தேன். மனுசன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"போன விண்டர் நீரும் அப்பிடித்தானே அடிச்சனீர்?" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் வெளியிலை காரிலை பனி சுரண்டிக்கொண்டு நிண்டனான். கண்ணாடியாலை கண்டனான்."

"அப்ப ஏன் அண்டைக்கே ஒண்டும் சொல்லேல்லை?"

"நான் சொல்லி நீர் எப்ப கேட்டனீர்?"

இதுதான் ஒரு பட்டறைக்காரிக்கு நடக்கக் கூடிய மிகப் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். உங்கள் பிழையைக் கண்டவன் சொல்லாமல் போகிற அளவுக்கு நீங்கள் பெரிய ஆளாகிவிடுவது.

வியாழக்கிழமை பஸ் எடுத்து இங்கே வந்தேன். அதுவரை வருடத்தில் இரண்டு முறை இங்கே வந்து புதியவர்களுக்குக் கம் அறைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் வாசலில் எல்லோரும் சிரித்து "போன்ஜூர்" சொன்னார்கள். சுப்பர்வைசரின் அறையில் கதிரையில் இருந்து, முழுவதையும் சொன்னேன். என் ஆங்கிலம் அன்று நல்லாகவே ஓடியது. குற்றத்தை ஒப்புக்கொள்ள அவ்வளவு சொற்கள் தேவைப்படாது.

அவ ஒரு கேள்விதான் கேட்டா. "எத்தனை தரம்?"

"அந்த விண்டர் முழுக்க."

"நீ இங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்த அதே விண்டர்?"

"ஓம்."

அவ ரெஜினாவைக் கூப்பிட்டுவிட்டா. ரெஜினா வந்து நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. உன்னுடைய அக்கா இப்படிச் சொல்கிறா, உண்மையா என்று கேட்டா. ரெஜினா சொன்னாள்: "அவ செய்தது அவ செய்தது. அண்டைக்கு அடிச்சது நான். எனக்குப் பிழை எண்டு தெரியும், தெரிஞ்சுதான் செய்தனான்." இதை அவள் ஆங்கிலத்தில் இன்னும் சுருக்கமாகத்தான் சொன்னாள்.

சுப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா. அவ சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கப் பார்த்தும் முடியவில்லை. "ஒருநாளும் பிழை விடாத பழக்குநர் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. பிழை விட்டவர்கள் இரண்டு பேர் என் முன்னால் இருக்கிறீர்கள். ஒருத்தி அதைப் பனிக்குள் நின்றுகொண்டே சொல்லியிருக்கிறாள். மற்றவளுக்கு ஆறு கிழமை எடுத்திருக்கிறது."

ரெஜினாவுக்கு வேலை கிடைத்தது. என்னை இனிக் கம் அறைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டா. ஓய்வு பெற்ற பிறகும் வேலையால் நிப்பாட்டப்பட்டவள் மொன்றியலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதனால்தான் நீங்கள் என்னைக் கம் அறையில் சந்திக்காமல் இந்தச் சாப்பாட்டு அறையில் சந்திக்கிறீர்கள். ரெஜினா கேட்டுக்கொண்டதால்தான் இதற்கும் விட்டார்கள்.

பங்கில் போன் பண்ணிய ஒவ்வொருத்தருக்கும் நான் திருப்பிப் போன் பண்ணினேன். அது சுப்பர்வைசரிடம் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் நம்பவேயில்லை. ரெஜினாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து, "உங்களுக்கு உண்மையிலையே பெரிய மனசு" என்றார்கள். இதற்கு மேல் என்ன செய்வது? போனை வைத்துவிட்டேன்.

ஈஸ்டர் முடிந்து, குளிர் இறங்கிய பிறகுதான் பலகைகளை முடித்தோம். ஹீற்றர் வீட்டு நிலக்கீழ் அறையில். பெரிய கதவு மேலே தூக்கியபடி. ரெஜினா, சவிரி அண்ணை, நான், மூன்று பேரும் கோட் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக, வெளியே வைத்து அடித்து ஒட்டினோம். சுவரில் ஒட்டிய ஒன்பது விதியையும் கிழித்துவிட்டேன். இப்போது அதில் மூன்றுதான் இருக்கின்றன, மூன்றும் ரெஜினா எழுதியவை, முதலாவது என் பெயரில் தொடங்குகிறது.

கடைசிப் பலகைக்கு றெக்சினை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் அவளைக் கேட்டேன்.

"நான் அண்டைக்குப் போய்ச் சொல்லாட்டி, நீர் சொல்லியிருப்பீரோ?"

"இல்லை அக்கா."

"ஏன்?"

"உங்கட கராஜ். உங்கட சாமான். பாவிச்சது நான். இதுக்குள்ளை நிண்டு உங்களைக் காட்டிக் குடுக்க எனக்கு வராது."

"கோவம்கூட வரேல்லையோ?"

"வராமல்? ஆறு கிழமையும் பூசையிலை உங்கட பேரைச் சொல்லி வேண்டினனான்."

"எனக்காகவோ?"

ரெஜினா ஸ்ரேப்ளரை எடுத்து மூலையில் ஒன்று அடித்தாள்.

"உங்கட மெஷினிலை ஒரு ஊசியும் நிண்டுபிடிக்கக் கூடாது எண்டு."

அந்த ஆறு கிழமையில் எனக்குப் பதின்மூன்று ஊசி உடைந்தது. மெஷின் திருத்துகிறவனை இரண்டு முறை கூப்பிட்டுக் காட்டினேன். மெஷினில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.